நயினார் வீட்டில் வைத்த வெயில்

இப்போது வரும் விளக்குகள், எத்தனை மணிக்கு எரிந்தோம், எத்தனை மணிக்கு அணைந்தோம் என்பதைத் தாங்களே போனுக்குச் சொல்லிவிடுகின்றனவாம். என் இடத்தில் வேலைக்கு வந்திருக்கும் சுமதி போன வாரம் வீட்டுக்கு வந்தபோது காட்டினாள். பச்சைக் கோடு, சிவப்புக் கோடு என்று ஏதேதோ ஓடியது. "இதெல்லாம் இல்லாம உங்க காலத்துல எப்டிக்கா சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் எனக்கென்று ஒரு காலத்தை ஒதுக்கிக் கொடுத்துவிட்டாள். டீயை ஆற்றிக்கொண்டே, எங்களுக்கு ஈசல் வந்து சொல்லும் என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். உண்மையைத்தான் சொன்னேன். அதை இங்கே எழுதியும் வைக்கிறேன்.

என் பெயர் ஜமீலா. செஞ்சிக்காரி. விழுப்புரத்தில் நர்சிங் படித்தேன், இருபத்து நான்கு வருஷம் ஆஸ்பத்திரிகளில் ஓடினேன், முட்டி தேய்ந்தது. படி ஏறாத வேலை ஏதாவது கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தபோது, வயதானவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் ஒரு சின்ன அமைப்பில் ஆள் கேட்டார்கள். சேர்ந்துவிட்டேன். படி ஏற வேண்டாம் என்றது சரிதான். அதற்குப் பதிலாகச் செஞ்சியைச் சுற்றியிருக்கும் அத்தனை பள்ளம் மேட்டிலும் ஸ்கூட்டரோடு ஏறி இறங்க வேண்டியிருந்தது.

நாங்கள் பார்த்தவர்களில் பாதிப்பேர் மறதி நோய்க்காரர்கள். அந்த நோய் முற்றும்போது பலருக்கு இரவும் பகலும் இடம் மாறிவிடும். பகலெல்லாம் தூங்குவார்கள், சாயங்காலம் ஆனால் பரபரப்பாகிவிடுவார்கள், ராத்திரி முழுக்கக் கதவைத் தட்டுவார்கள். பார்த்துக்கொள்கிறவர்கள் பாடு திண்டாட்டம். நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, அதற்குச் சாவி கொடுப்பது வெளிச்சம்தான். வீட்டு மூலையிலேயே கிடக்கும் முதியவர்களுக்குப் போதுமான வெளிச்சம் கிடைப்பதில்லை. அதனால் காலையில் அரைமணி நேரம் பளீரென்ற வெளிச்சத்துக்கு முன்னால் உட்கார வைத்துப் பார்ப்போம் என்று எங்கள் டாக்டர் சில விளக்குகளை வரவழைத்தார். தட்டையான வெள்ளைப் பெட்டி, பள்ளிக்கூடச் சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரியது. சிலருக்குப் பலன் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. போன ஞாபகத்தை அது திருப்பிக் கொண்டுவராது என்று வீட்டுக்கு வீடு சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றியது. அப்படியும் அனந்தபுரத்தில் ஓர் அம்மா, கல்யாண நாளை மறந்துபோகிற தன் வீட்டுக்காரருக்கும் ஒன்று வைக்க முடியுமா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். அந்த மனுஷனுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

எங்கள் டாக்டரின் பெயர் கோதண்டம். ஒல்லியான மனிதர், பேச்சும் ஒல்லி. ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் நோயாளி வழக்கமாக உட்காரும் நாற்காலியில் போய் இவர் உட்கார்ந்துகொள்வார். ஐந்து நிமிஷம் வாயே திறக்கமாட்டார். ஜன்னல் எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, டிவி சத்தம் எப்படிக் கேட்கிறது என்று சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர்கள் டாக்டருக்கு என்ன ஆயிற்று என்று என்னைப் பார்ப்பார்கள். நான் கைப்பையில் எதையோ தேடுவேன். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்னும் நான்கு வீடு பாக்கியிருக்க, இவர் பாட்டுக்குக் குந்தியிருக்கிறாரே என்று மனசுக்குள் கருவிக்கொண்டே நிற்பேன். யாரையும் திட்டமாட்டார். தப்பு நடந்தால், "சரி, இன்னொரு தடவை பார்ப்போம்" என்பார். அதற்குத் திட்டே தேவலை.

விளக்கு வைப்பதில் அவர் முறை கறாரானது. முதலில் கண் பரிசோதனை. விழித்திரையில் கோளாறு இருந்தால் விளக்கு கிடையாது. அடுத்து, சாப்பிடும் மாத்திரைகள் ஒவ்வொன்றையும் பார்ப்பார், வெளிச்சம் பட்டால் ஆகாத மாத்திரைகள் சில உண்டு. பிறகு விளக்கை ஒரு கை நீளத் தூரத்தில், நேருக்கு நேர் வைக்காமல் சற்று ஓரமாக, கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்படி சாய்த்து வைக்க வேண்டும். யாரையும் விளக்கையே பார்க்கச் சொல்லக் கூடாது. அதன் முன்னால் மேஜையில் ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு வீட்டு விளக்குகளையே குறைக்க வேண்டும். தினமும் குறிக்க வேண்டியதை நான் ஒரு நோட்டில் கட்டம் போட்டு வீட்டாரிடம் கொடுப்பேன்: எழுந்த நேரம், காலை விளக்கு, பகல் தூக்கம், ராத்திரித் தூக்கம், எடை. அந்தக் கட்டங்களை அடிக்கோல் வைத்துப் போட்டது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

என்னதான் சொல்லிக் கொடுத்தாலும் ஒவ்வொரு வீடும் தன் வழியில்தான் போகும். தளவானூரில் ஆயுத பூஜைக்கு மறுநாள் போய்ப் பார்த்தால், பெட்டி முழுக்கச் சந்தனம், குங்குமம், நடுவில் சாமந்திச் சரம். வெளிச்சம் பூ இடுக்கில் பொட்டுப் பொட்டாக வந்தது. நோயாளித் தாத்தா அதன் முன் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். டாக்டரிடம் சொன்னேன். தாத்தா எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று கேட்டார். ஒரு மணி நேரம் என்றேன். "பூவை மட்டும் கீழே இறக்கச் சொல்லும்மா" என்றார்.

இனி மேல்சித்தாமூர் தரணேந்திர நயினாரிடம் வருகிறேன். எழுபத்தெட்டு வயது. சமண மடத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. நாற்பது வருஷம் செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை வியாபாரம் பார்த்தவர். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். மகன் ஜெயபால் அனந்தபுரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். மாமனாரைப் பார்த்துக்கொண்டது மருமகள் பத்மாவதி.

நயினார்கள், அதாவது எங்கள் பக்கத்துச் சமணர்கள், பொழுதோடு சாப்பிடுகிறவர்கள். சூரியன் மறைந்த பிறகு வாயில் பருக்கை வைப்பதில்லை. விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சி சோற்றில் விழும், சாகும், அந்த ஹிம்சை ஆகாது என்பார்கள். நயினார் சின்ன வயதிலிருந்து ஒரு நாள்கூட அதை மீறாதவர். வியாபாரத்தில் நேரமாகிவிட்டால் பட்டினியாகவே படுத்துக்கொள்வாராம். இப்போது நோய் வந்து அவருடைய பகலைத் தூக்கி ராத்திரியில் போட்டுவிட்டது. விடியும்போது தூங்கப் போவார், மத்தியானம் அரைகுறையாக எழுந்து இரண்டு வாய் சாப்பிட்டு மறுபடி சரிவார், விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் பசியோடு எழுவார். சோறு கேட்பார். பத்மாவதி போட்டுக் கொண்டுவந்து வைத்தால் ஜன்னலைப் பார்ப்பார். வெளியே இருட்டு. தட்டைத் தள்ளிவிடுவார். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பார், மறுபடி தள்ளுவார். மகன் பெயர் மறந்துபோனவருக்கு அந்த நியமம் மட்டும் மறக்கவில்லை. நாங்கள் போனபோது தோள் எலும்பு சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

ஜெயபால் சென்னையில் ஒரு முதியோர் இல்லத்தில் சொல்லி வைத்திருந்தார். கார்த்திகையில் இடம் காலியாகும் என்றார்கள். அங்கே ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு. அதைச் சொல்லும்போதே பத்மாவதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புரட்டாசிக் கடைசியில் விளக்கு வைத்தோம். அன்று டாக்டர் வரவில்லை. நான்தான் கூடத்தில் மேஜை போட்டு, சாய்த்து, அளந்து, பத்மாவதிக்கு விளக்கிச் சொன்னேன். எனக்கு எளிமையாகப் பேச வரும் என்று ஒரு நினைப்பு. "இது வெயில் மாதிரிதாம்மா. இதைப் போட்டா உடம்பு பகல்னு நினைச்சுக்கும்" என்றேன். அவள் பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். பாவம், புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவளுக்கு ரொம்ப நன்றாகவே புரிந்திருந்தது.

இரண்டு வாரத்தில் நயினாரின் எடை ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டைப் பார்த்தால் ஒரு நாள் விடாமல் காலை விளக்கு போட்டிருந்தாள். ஆனால் தூக்கக் கட்டம் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனது. முன்பு நடுராத்திரிக்கு மேலாவது கொஞ்சம் கண்ணயர்ந்தவர், இப்போது விடிய விடிய விழித்திருந்தார். காலையில் விளக்கின் முன்னால் நியூஸ் பேப்பரைப் பிடித்தபடியே குறட்டை விட்டார். நான் விளக்கைப் பக்கத்தில் தள்ளினேன், சாய்வை மாற்றினேன், நேரத்தைக் கூட்டினேன். ஒன்றும் எடுபடவில்லை. ஜெயபால் சென்னைக்குப் போன் பேசி, அப்பாவைக் கொண்டுவந்து விடுவதை உறுதி செய்துவிட்டார். தோற்றுப்போன முகத்தோடு டாக்டரை அழைத்துக்கொண்டு போனேன்.

ஐப்பசி மழை முந்தின நாள்தான் கொட்டித் தீர்த்திருந்தது. டாக்டர் வழக்கம்போல நயினாரின் நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம். நான் நோட்டைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தேன். நோட்டு இருக்கட்டும் என்று கையைக் காட்டினார். பிறகு எழுந்து பெட்டியின் பின்பக்கம் விரலை விட்டு ஒரு தடவு தடவினார். விரலை வெளியே எடுத்து என்னிடம் நீட்டினார். நுனியில் இரண்டு மூன்று ஈசல் இறகு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஈசல் காலைல வருமாம்மா?" என்று பத்மாவதியைக் கேட்டார்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் மாமா எழுந்து சோறு கேட்கும்போது அவள் ஜன்னலைச் சாத்தி, இந்த விளக்கைப் போட்டிருக்கிறாள். பளீரென்று ஆனதும் அவர் தட்டைத் தள்ளவில்லை. பகல் என்று நம்பி வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறார். அதிலிருந்து தினமும் இரண்டு மணி நேரம், காலையில் போட்டதுபோகச் சாயங்காலமும் எரிந்திருக்கிறது. அவள் எதையும் மறைக்கவில்லை. நான் கொடுத்த நோட்டில் சாயங்காலத்துக்குக் கட்டமே இல்லை, சாயங்காலம் போடக் கூடாது என்று நான் வாயாலும் சொல்லியிருக்கவில்லை.

"நீங்கதான சிஸ்டர் சொன்னீங்க, இது வெயில் மாதிரின்னு" என்றாள் என்னிடம். "வெயில்ல சாப்டா மாமாவுக்கு விரதம் கெடாதுன்னு நெனச்சேன். நேத்து மழைக்கு ஈசலு அவ்ளோ வந்து வுழுந்துது. எல்லாத்தையும் பெருக்கி அள்னேன். அதுங்க செத்த பாவம் மாமாவுக்கு வேணாம், எனக்கே இருக்கட்டும்."

உடம்பு தூங்கத் தயாராக வேண்டிய நேரத்தில் தினமும் இரண்டு மணி நேரம் வெயிலைக் காட்டினால் அந்த மனிதர் எப்படித் தூங்குவார்? அதற்கு வழி சொல்லிக் கொடுத்தவள் நான். டாக்டர் அவளைக் கோபிக்கவில்லை. சாயங்காலம் எவ்வளவு சாப்பிட்டார், எதைச் சாப்பிட்டார் என்று மட்டும் கேட்டுப் பென்சிலால் எழுதிக்கொண்டார். அப்புறம், "அவர் சாப்பிட மறுத்தது நோய்னு நாங்க நெனச்சோம். அது அவரோட ஒழுக்கம்னு நீங்க கண்டுபிடிச்சிருக்கீங்க. விளக்கு போட்ட நேரம்தான் தப்பு" என்றார். வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது என்னிடம், "சாயங்காலத்துக்கும் ஒரு கட்டம் போட்டுடும்மா. இன்னொரு தடவை பார்ப்போம்" என்றார்.

ஜெயபாலிடம் பத்து நாள் தவணை கேட்டோம். அதற்குள் எடை குறைந்தால் விளக்கைத் தானே எடுத்துக்கொண்டு போவதாக டாக்டர் சொன்னார். சாயங்கால விளக்கு நின்றது. மாமனார் மறுபடி பட்டினி கிடப்பாரே என்ற கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தது பத்மாவதிதான். பொய் வெயில் எதற்கு, நிஜ வெயில் இருக்கும்போதே சோறு போட்டுவிடுகிறேன் என்றாள். நான்கரை மணிக்கே அவரை எழுப்பி, வீட்டுக்குப் பின்னால் மல்லாட்டை காயவைக்கும் களத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போய், மேற்குப் பார்க்க உட்கார வைத்தாள். காலையில் விளக்கின் முன் அவர் தூங்காமலிருக்கவும் ஒரு வழி செய்தாள். பேப்பரை எடுத்துவிட்டு, விதைக்கு வைத்திருந்த மல்லாட்டையில் ஒரு முறம் கொண்டுவந்து மேஜையில் கொட்டினாள். நயினார் ஒன்றை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். "சொத்த" என்று தள்ளினார். இன்னொன்றை ஆட்டினார். அரைமணி நேரம் கண் மூடவில்லை. விளக்கு அணைந்த பிறகும் எழுந்திருக்க மறுத்துவிட்டார். யாரோ பழைய வியாபாரி என்று என்னை நினைத்துக்கொண்டு, இந்தச் சரக்கையா கமிட்டிக்குக் கொண்டுவந்தாய் என்று கேட்டார். கொஞ்சம் ஈரமாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

முதல் நான்கு நாள் பெரும்பாடு. களத்தில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தார். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஒரு நாள் மழை வந்து தட்டோடு ஓடி வந்தோம். தினமும் எடைக்கருவியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனேன். முள் அரைக்கிலோ இறங்கியிருந்த அன்று பத்மாவதி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானத் தூக்கம் ஒரு மணி நேரம் குறைந்தது. ஏழாம் நாள் களத்தில் பீர்க்கங்காய்க் கூட்டு இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். பத்தாம் நாள் எடைக்கருவியை வைத்துவிட்டு நானும் பத்மாவதியும் ஜெயபாலும் குனிந்து பார்த்தோம். இறங்கிய அரைக்கிலோ திரும்ப வந்திருந்தது. ராத்திரி ஒன்பதுக்குப் படுத்தவர் நான்கு மணிக்குத்தான் எழுந்ததாக நோட்டில் இருந்தது. ஜெயபால் நோட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு வெளியே போய்ச் சென்னைக்குப் போன் செய்து, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொன்னார். நான் காதைத் தீட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

மாசிக் கடைசியில் எங்களுக்கு ரம்ஜான் நோன்பு தொடங்கியது. நோன்பு நாட்களில் சாயங்காலம் நான் எந்த வீட்டுக்கும் போவதில்லை. நயினார் வீட்டுச் சாயங்காலக் கட்டத்தை மட்டும் ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு வரும்படி டாக்டர் சொன்னதால் போனேன். வேடிக்கைதான். அவர் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும், நான் பொழுது சாயும்வரை தண்ணீர்கூடத் தொடக் கூடாது. களத்தில் அவர் சாப்பிட, எதிரில் ஒரு முக்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். வெயில் மஞ்சளாகச் சரிந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, நீ சாப்டலியா?" என்றார். அப்புறம் சாப்பிடுகிறேன் ஐயா என்றேன். இரண்டு வாய் தள்ளி மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவை பத்மாவதியைக் கூப்பிட்டு, வந்தவளுக்கு ஒரு தட்டு வைக்கத் தெரியாதா என்று கடிந்துகொண்டார். பத்மாவதிக்கு என் நோன்பு தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார், கை கழுவினார், மேற்கே ஒரு பார்வை பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

சூரியன் இறங்கியது. என் போனில் நோன்பு திறக்கும் மணி அடித்தது. பையிலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து பிஸ்மில்லா சொல்லி வாயில் வைத்தேன். நயினார் நிமிர்ந்து உட்கார்ந்தார். வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பொழுது இருக்கச் சொல்லோ சாப்டுன்னு தலதலயா அடிச்சிக்கினேன். இப்பப் பாரு, பொழுது போயி இருட்டிக்கினு வருது. இப்பப் போயி சாப்புடுற. பூச்சி கீச்சி வுழுந்தா இன்னாம்மா பண்ணுவ?"

பழம் தொண்டையில் நின்றுவிட்டது. விழுங்கவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. வாசற்படியில் பத்மாவதி தண்ணீர்ச் சொம்போடு நின்று அழுதுகொண்டே சிரித்தாள். பகல் எது, ராத்திரி எது என்று தெரியாமல் அலைந்த மனிதர், இருட்டியது தெரிந்து என்னைத் திட்டுகிறார். இருபத்து நான்கு வருஷம் பெரிய டாக்டர்களிடம், மேட்ரன்களிடம், நோயாளிகளிடம் நான் வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை. ஒன்றுகூட எனக்கு இவ்வளவு இனித்ததில்லை. தப்புதான் ஐயா, இனிமேல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி இரண்டாவது பழத்தை முந்தானைக்குள் மறைத்துச் சாப்பிட்டேன்.

போகும் முன் நோட்டை வாங்கி, சாயங்காலக் கட்டத்தில், "பொழுது சாய்ந்ததைத் தானே கண்டுபிடித்தார். இருட்டில் சாப்பிட்டதற்காக நர்ஸைத் திட்டினார்" என்று எழுதினேன். அடுத்த வாரம் நோட்டு டாக்டரிடமிருந்து திரும்பி வந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தார்: "திட்டு சரியான நேரத்துக்கு விழுந்திருக்கிறது."